கழித்தல் நான்கு புள்ளி இரண்டு

சனி இரவு பதினொன்றரைக்கு
நீர் வாரியத்தின் நிலவறையில்
பழைய சர்வரை நிறுத்தும் பொத்தானைத்
தேடிக்கொண்டிருந்தோம், யோரித்தும் நானும்.
பத்து வருடமாக அதை யாரும் நிறுத்தியதில்லை.
நெற்றியில் யாரோ ஒட்டிய காகிதம்:
தொடாதே. வரைபடம்.

கிடைக்கவில்லை. மேலே போனோம்.
மேகத்தில் நான்கு கணினிகளை வாடகைக்குப் பிடித்தோம்.
மணிக்கு இத்தனை சென்ட்,
சும்மா நின்றாலும் கணக்கு ஓடும்.
ஒன்று வாசலில் நிற்க, ஒன்று வரைய,
ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ள.
நான்காவது எதற்கென்று கையேட்டில் மூன்று பக்கம் இருந்தது.
யோரித் படித்துவிட்டதாகச் சொன்னான்.

உரிமக் கோப்பு ஏறியது. தரவுத்தளம் ஏறியது.
சான்றிதழ் மட்டும் முரண்டு பிடித்தது:
பெயரில் ஒரு புள்ளி குறைகிறதாம்.
அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம்.
அதுவரை சாம்பல் திரை.
வாய்க்கால் இல்லை, கரை இல்லை, ஊர் இல்லை;
மூலையில் கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று.
எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம்
ஒன்றுமில்லாததை.

பிறகு சதுரம் சதுரமாக வந்தது நிலம்.
வாய்க்கால்கள் அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் நேராக.
அப்படித்தான் வெட்டினார்கள்,
இங்கிருந்த கடலை இறைத்து முடித்ததும்.
அதற்கு நூறு வருடம்கூட ஆகவில்லை.
கிழக்குக் கரைச் சாலை மட்டும் ஓரிடத்தில் வளைகிறது.
ஏனென்று எந்த அடுக்கிலும் எழுதியிருக்காது.
போரின் கடைசி வாரங்களில்
தோற்றுக்கொண்டிருந்தவர்கள் கரைக்கு வெடி வைத்தார்கள்.
புகுந்த தண்ணீர் தோண்டிய குழியைத்
தூர்க்க முடியவில்லை, சாலை சுற்றிக்கொண்டு போகிறது.
மேகத்திலும் சுற்றிக்கொண்டுதான் போகிறதா என்று
யோரித் இரண்டு முறை பார்த்தான்.
போயிற்று.

ஐந்து பத்துக்குத் தொலைபேசி.
நீரேற்று நிலையத்திலிருந்து எக்பெர்ட்.
"என் மதகைக் காணோம்."
எது?
"பதினேழு. அதன்மேல்தான் நிற்கிறேன்.
உங்கள் வரைபடம் இந்த இடத்தைப் புல் என்கிறது."

என் திரையில் பதினேழு இருந்தது.
அவருக்குத்தான் இல்லை.
இடம் மாறியதில் அனுமதிப் பட்டியலிலிருந்து
ஒரு குழு விழுந்திருந்தது:
மதகு திறக்கிறவர்கள்.
எங்கள் தலைவர் இருந்தார்,
செய்தித் தொடர்பாளர் இருந்தார்,
போன வருடம் விலகிப்போன பயிற்சி மாணவன்கூட இருந்தான்.

குழுவைச் சேர்த்தேன். இப்போது?
"வந்துவிட்டது," என்றார். வைக்கவில்லை.
"அது இப்போது எங்கே இருக்கிறது, வரைபடம்?"
மேகத்தில்.
"வீட்ஸ்கெ, நாற்பது வருடமாக நான் மேகம் பார்க்கிறவன்.
தரையில் எங்கே என்று கேட்கிறேன்."

முகவரி சொல்லமாட்டார்கள், ரகசியம்.
ஆனால் குளிர்விக்கத் தண்ணீர் கேட்ட விண்ணப்பம்
எங்கள் மேஜை வழியாகத்தான் போயிற்று.
எங்கள் வரைபடத்திலேயே தேடினேன்.
டியூலிப் வயலுக்கும் காற்றாலைகளுக்கும் நடுவில்
ஜன்னலில்லாத நீண்ட கட்டடம்.
உயர அடுக்கைப் போட்டேன்:
கடல்மட்டத்திலிருந்து
கழித்தல் நான்கு புள்ளி இரண்டு மீட்டர்.

எக்பெர்ட் பேசவில்லை.
அவருக்குப் பின்னால் பம்ப் ஓடுவது கேட்டது.
"சரிதான்," என்றார் கடைசியில்,
"அதையும் நான்தான் இறைக்கிறேன்."

திங்கள் காலை நிதிப் பிரிவுக்குப் படிவம் போட்டேன்:
இரண்டாவது நகல், வேறு நாட்டில், மேட்டு நிலத்தில்.
காரணம் என்ற கட்டத்தில் 'கடல்' என்று எழுதினேன்.
படிவம் ஏற்கவில்லை,
குறைந்தது இருபது எழுத்து வேண்டுமாம்.
'கடல் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது' என்று எழுதினேன்.
ரூர்ட் மூன்று மாதத்துக்கு மட்டும் ஒப்புதல் தந்தார்.

நிலவறையில் பொத்தான் கிடைத்துவிட்டது.
பின்பக்கம், தூசிக்கு அடியில்,
சுண்டுவிரல் நகம் அளவுக்கு.
யோரித் அதைச் சுற்றித் துடைத்துவிட்டு வந்தான்.
அழுத்தவில்லை.